கொழும்பில் ரேடியோ பகிடிக்காரர்: மூன்று நிமிடப் பகுதிக்கு வெளியே பிழைப்பு எப்படி?

கொட்டாஞ்சேனை வாசி:

தமிழ் எஃப்எம் நிலையங்களில் பகிடிப் பகுதி செய்கிறவர்களில் நிரந்தரச் சம்பளத்தில் இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்களுக்கு ஒரு பகுதிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒலிபரப்பானால் காசு, இல்லையென்றால் இல்லை. வெசாக், பெரிய வெள்ளி, தேசிய துக்கதினம் என்று நிகழ்ச்சி மாறினால் முதலில் கழற்றப்படுவது பகிடிதான். வெள்ளவத்தையில் ஒரு அறை வாடகைக்கே இந்தக் காசு காணாது. பக்க வேலை இல்லாமல் இந்தத் துறையில் இரண்டு வருடம் நின்றுபிடிப்பது கஷ்டம்.

என்ன வேலை பொருந்தும், எப்படிச் செய்வது, எங்கே காசு நழுவுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். யார் எவ்வளவு உழைக்கிறார் என்ற கதை வேண்டாம். வேலை முறை வேண்டும்.

மேடைவாசல்:

முதல்ல நேரத்தைப் பிரிச்சுப் பாருங்கோ, பிறகு வேலையைத் தேடுங்கோ. காலை நிகழ்ச்சி 6 மணிக்குத் தொடங்குதெண்டால் நேரலை செய்யிற ஆள் 5.15க்கு உள்ள நிக்கவேணும். நிலையம் எச்சலன் சதுக்கப் பக்கமெண்டாலும் சுதந்திர சதுக்கப் பக்கமெண்டாலும் அந்த நேரத்தில பஸ்ஸை நம்பேலாது. காலி வீதியில 100, 101 இலக்க பஸ் ஓடும், ஆனா எப்ப வருமெண்டு சொல்லேலாது. நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில இருக்கிற நண்பரின்ர அறையில சனி, ஞாயிறு தவிர்த்துப் படுக்கிற ஆக்கள் இருக்கினம். தினமும் விடிய ஓட்டோவுக்குக் குடுக்கிற காசைக் கூட்டிப் பாத்தால் அது நல்ல யோசினைதான்.

காலை நிகழ்ச்சிக்காரருக்கு 10.30 முதல் 4 மணி வரைக்கும் கையில இருக்கு. அதுக்குள்ள அடங்கிற வேலை எது? விளம்பரக் குரல், மொழிபெயர்ப்பு, மத்தியானச் சாப்பாட்டு டெலிவரி. பின்னேர நிகழ்ச்சிக்காரருக்கு காலை முழுக்க இருக்கு. அவர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, நாடகம் பழக்கலாம். தமிழ் தினப் போட்டிக் காலத்தில அதுக்கு நல்ல கேள்வி இருக்கு.

பொருந்தாத வேலை ஒண்டு: இரவு முழுக்க வெளிநாட்டுக்காரரோட போனில கதைக்கிற கோல் சென்டர் வேலை. சம்பளம் ஒழுங்கா வரும், அதாலதான் எல்லாரும் முதல்ல அதுக்குப் போகினம். எட்டு மணித்தியாலம் கதைச்ச தொண்டையோட விடிய மைக்குக்கு முன்னால வந்தால் மூண்டு பாத்திரக் குரலில ஒண்டும் நிக்காது.

ஒலிக்கூடத்தான்:

விளம்பரக் குரலைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பகிடி செய்கிறவர்களுக்கு மிகவும் பொருந்தும் வேலை இதுதான். வயது மாற்றி, ஊர் மாற்றிப் பேசத் தெரிந்த ஒருவர் ஒரே ஸ்பொட்டில், அதாவது சிறு விளம்பரப் பதிவில், கணவன், மனைவி, கடைக்காரர் மூன்றையும் முடித்துவிடுவார்.

30 செக்கன் ஸ்பொட்டுக்குத் தமிழில் 50 முதல் 55 சொல். கிளைகளின் பெயரும் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் வந்தால் 45 சொல்லுக்குள் நிறுத்துங்கள். எண்ணை விளங்க வாசிக்க மட்டும் 4 செக்கனாவது போகும். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், பெரும்பாலான ஸ்பொட் முதலில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. பிறகு யாரோ ஒருவர் அதை வரிக்கு வரி தமிழாக்கி அனுப்புவார். வாசித்தால் 42 செக்கன் ஓடும். ஒலிப்பதிவாளர் அதை வேகமாக்கி 30க்குள் திணிப்பார். கேட்கிறவருக்குக் கடையின் பெயர்கூட விளங்காது.

அதனால் ஒலிப்பதிவுக்குப் போகும் முன் சிங்கள மூலத்தையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டொப்வொட்ச் வைத்து ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். பெயர், சலுகை, எங்கே கிடைக்கும் என்ற மூன்றும் நிற்கட்டும். "பெற்றுக்கொள்ளக்கூடியதாக இருக்கும்" என்று வருவதை "கிடைக்கும்" என்று வெட்டுங்கள். இப்படி நாலு இடத்தில் வெட்டினாலே 6, 7 செக்கன் மிஞ்சும். வெட்டியதை அப்படியே ஸ்டூடியோவில் போய் வாசிக்க வேண்டாம். முதல் நாளே வட்ஸ்அப்பில் அனுப்பி விளம்பர நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் எடுங்கள்.

இந்தத் திருத்த வேலைக்கும் காசு இருக்கிறது. குரலுக்கு ஒரு கட்டணம், தமிழ்ப் பிரதிக்கு ஒரு கட்டணம் என்று பில்லில் இரண்டு வரியாகப் போடுங்கள். ஒரே வரியில் போட்டால் பிரதி வேலை இலவசம் என்று பழகிவிடுவார்கள். நம்முடைய ஆட்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான்.

பில்லில் இன்னும் மூன்று விஷயம் எழுதுங்கள். ஒன்று, எங்கே பாவிக்கலாம்: ரேடியோ மட்டுமா, டிவி, சமூக ஊடகமும் சேர்த்தா. இரண்டு, எவ்வளவு காலம்: ஒரு வருடம் என்று போட்டால் அடுத்த தீபாவளிக்கு அதே ஸ்பொட்டைத் திரும்பப் போடும்போது மறுபடி கேட்கலாம். மூன்று, குரலைக் கணினிக் குரல் செய்யப் பாவிக்கக் கூடாது என்ற ஒரு வரி. திருத்தத்துக்கும் எல்லை வையுங்கள். வாசிப்பில் பிழை என்றால் இரண்டு தடவை இலவசம். பிரதி மாறினால் அது புது வேலை.

பஞ்சிகாவத்தை:

//திருத்தத்துக்கும் எல்லை வையுங்கள்//

புதுசா வர்ற ஆளுக்கு இது நடக்குமா? கட்டணத்தைப் பிரிச்சுப் போட்டா அடுத்த முறை வேற ஆளைக் கூப்பிடுவாங்க.

ஒலிக்கூடத்தான்:

மொத்தத் தொகையை உயர்த்த வேண்டியதில்லை தம்பி. அதே தொகையை இரண்டாகப் பிரித்து எழுதினால் போதும். அடுத்த முறை குரல் மட்டும் கேட்டால் குரலுக்கான தொகை, பிரதி மட்டும் கேட்டால் பிரதிக்கான தொகை என்று தெளிவாக இருக்கும். சண்டை வராது.

சவுண்ட்ஸ் தெமட்டகொடை:

வீட்டிலேயே பதிவு பண்ணி அனுப்பக் கேக்கிறாங்க இப்போ. அதுக்கு என்ன வேணும்னு சொல்றேன். முதல்ல மைக். எதிரொலியைக் குறைக்க ஒழுங்கு பண்ணாத அறையில கண்டென்சர் மைக் வாங்காதீங்க. அடுத்த வீட்டு மிக்சி, மாடியில கதிரை இழுக்கிற சத்தம் எல்லாத்தையும் அது பிடிக்கும். யூஎஸ்பியில நேரா செருகக்கூடிய டைனமிக் மைக் ஒண்ணு, ஸ்டாண்ட், வாய்க் காத்தைத் தடுக்கிற பொப் ஃபில்டர். ஆரம்பத்துக்கு அவ்வளவுதான்.

வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர். நேரா பேசாம கொஞ்சம் பக்கவாட்டில வச்சுப் பேசுங்க, ப, ட சொல்லும்போது காத்து மைக்கில அடிக்காது. பதிவாகிற சத்த அளவு உச்சத்தில மைனஸ் 6 டெசிபெலுக்கு மேல போகக்கூடாது. பகிடிக்காரங்க இங்கேதான் மாட்டுறது: சாதாரணப் பேச்சுக்கு அளவு வைப்பாங்க, நடுவில ஒரு கத்தல் வரும், அது உடைஞ்சு போயிரும். உடைஞ்ச சத்தத்தை எந்த மென்பொருளும் ஒழுங்கா மீட்காது. அதனால பிரதியில உள்ள ஆக உரத்த வரியை முதல்ல கத்திப் பார்த்து, அதுக்கு அளவை வைங்க. மெல்லிய பகுதியைப் பிறகு கூட்டிக்கலாம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பா பதியுங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற தாழ்ந்த சத்தத்தை வெட்டுங்க, பஸ் உறுமல் கொஞ்சம் போயிரும். எம்பி3 ஆக்கி வட்ஸ்அப்பில சும்மா அனுப்பினா தரம் குறையும். ஆவணமா இணைச்சு அனுப்புங்க, இல்லேன்னா டிரைவ் லிங்க். கோப்புக்குப் பேர் திகதி, வாடிக்கையாளர், எத்தனையாவது தடவைன்னு இருக்கணும். "புது ஃபைனல் 2" ன்னு அனுப்பினா தப்பான கோப்புத்தான் ஒலிபரப்பாகும்.

அறை: உடுப்பு அலுமாரியைத் திறந்து வச்சு அதுக்கு எதிரா நின்னு பேசுங்க. முதுகுப் பக்கம் ஒரு தடிச்ச போர்வை தொங்கட்டும். எதிரொலி உங்களுக்குப் பின்னால இருந்துதான் மைக்குக்கு அதிகமா வரும். நிறையப் பேர் மைக்குக்குப் பின்னாலதான் மெத்தையை நிப்பாட்டுறாங்க, பிரயோசனம் குறைவு. மின்விசிறியை நிறுத்துங்க. பத்து நிமிசத்தில வேர்க்கும், அதனால சின்னச் சின்னத் துண்டா பதியுங்க. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடல் பக்கத்தில ரயில் ஹோன், காகம் ரெண்டும் இருக்கு. காகத்தை வெட்டி எடுக்க முடியாது, அது குரல் இருக்கிற அலைவரிசையிலேயே இருக்கு. இரவு 10 மணிக்குப் பிறகு பதியிறது நல்லது. தகரக் கூரைன்னா மழை நாள்ல வேலை ஒத்துக்கொள்ளாதீங்க. கடல் காத்துக்கு மைக்கை வெளியே விட்டா உப்பு பிடிக்கும். மூடி உள்ள டப்பாவில சிலிக்கா ஜெல் பைக்கட் போட்டு வைங்க.

மாலினி, கொழும்பு 6:

மேடை வேலையைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லையே. வருட நடுவில் கைக்கு வருகிற ரொக்கக் காசு அங்கேதான். ஆனால் மாதக் கணக்கு தெரிய வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணம் நிறைய. ஆடியிலும் மார்கழியிலும் இல்லை. மார்கழிக் குறையைக் கிறிஸ்மஸ் ஒன்றுகூடல்கள் ஓரளவு நிரப்பும். கிறிஸ்மஸ் தாத்தா வேடத்துக்கு ஆள் தேடுகிற அலுவலகங்கள் நவம்பரிலேயே பேசி முடித்துவிடும். ஏப்ரலில் புத்தாண்டு விளையாட்டு விழா, அங்கே சிங்களமும் தமிழும் மாறி மாறிப் பேச வேண்டும். ஆடியில்தான் வெறுமை. அந்த மாதத்துக்குக் காசு ஒதுக்கி வைக்காதவர்கள்தான் ஆவணியில் கடனோடு நிற்பார்கள்.

கல்யாண மண்டபத்தில் அறிவிப்பாளராகப் போகிறவர் முதல் நாளே வாங்க வேண்டியவை: முகூர்த்த நேரம், சாப்பாட்டு நேரம், மண்டபத்தை எத்தனை மணிக்கு ஒப்படைக்க வேண்டும், இரண்டு பக்கப் பெற்றோரின் பெயரும் ஊரும். பெயரை ஒரு குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் பார்த்து வாசித்தால் பிழை வரும், அதை அந்தக் குடும்பம் வீடியோவில் ஆயுள் முழுக்கக் கேட்கும். முகூர்த்தம் நகராது. அதற்கு முன்னால் 15 நிமிடம் பேச்சே வேண்டாம், மேளம் பேசட்டும்.

சாமத்திய வீடு (பூப்புனித விழா) வேறு. அங்கே பிள்ளையைப் பற்றி ஒரு பகிடியும் கூடாது. உடம்பு, வளர்ச்சி, எதிர்காலக் கல்யாணம், மச்சான்மார் எல்லாமே விலக்கு. அந்தப் பிள்ளைக்கு 12, 13 வயது. பாரமான சேலையில், வெளிச்சத்துக்கு நடுவில், நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு முன்னால் இருக்கிறாள். எழும்பிப் போகவும் முடியாது. மாமாமாரின் கோட்டையும் வீடியோக்காரரையும் சாப்பாட்டு வரிசையையும் வைத்துச் சிரிக்கவையுங்கள், அது போதும். "பிள்ளையைக் கொஞ்சம் கலாய்ச்சு விடுங்கோ" என்று உறவினர் யாராவது கேட்டாலும் செய்யாதீர்கள்.

சவுண்ட்ஸ் தெமட்டகொடை:

மாலினி அக்கா சொன்னதோட ரெண்டு விஷயம். வயர்லெஸ் மைக்குக்கு டபுள் ஏ பெட்டரி ரெண்டு எப்பவும் பொக்கட்டில இருக்கட்டும், அல்கலைன். சார்ஜ் பண்ற பெட்டரி 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. அதனால சில மைக்கில அளவுகாட்டி பிழையா காட்டி, திடீர்னு நின்னு போகும். அடுத்தது, மைக்கின் தலையைக் கையால பொத்திப் பிடிக்காதீங்க. பாட்டுக்காரங்களைப் பார்த்து நிறையப் பேர் பழகியிருக்காங்க. பொத்தினா எல்லாப் பக்கச் சத்தமும் உள்ளே வந்து கூவும். ஸ்பீக்கருக்கு முன்னால வந்து நின்னாலும் அதேதான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்திருக்கான்னு மண்டபக்காரரிட்டக் கேட்டுக்கங்க. 2007 உயர் நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணிங்கிறது கடுமையான எல்லை. கடைசிப் பகிடியை 9.45க்கு முடிக்கிற மாதிரி நிரலைப் போடுங்க.

பஞ்சிகாவத்தை:

புறக்கோட்டைக் கடை வாசல்ல மைக் பிடிக்கிற வேலை? தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னால பிரதான வீதியில நிறைய ஆள் கேக்கிறாங்க.

மேடைவாசல்:

செய்யலாம், ஆனா நேரா நிண்டு நாலு மணித்தியாலம் கத்தாதேங்கோ. வீதியில தூசும் புகையும், பக்கத்துக் கடையிலயும் ஒருத்தர் கத்துவார், அவரை மீற நீங்கள் கத்துவியள். கடைக்காரரோட வேற மாதிரிக் கதையுங்கோ: 90 செக்கனில ஒரு பதிவு, தமிழும் சிங்களமும் மாறி மாறி, நடுவில ஒரு சின்னப் பகிடி. அதைப் பென் டிரைவில போட்டுக் குடுத்தால் நாள் முழுக்க ஓடும். விலை மாறும், அதால விலைப் பகுதியைத் தனித் துண்டாப் பதிஞ்சு வைச்சால் அதை மட்டும் மாத்தலாம். ஒரே பிரதியைப் பேர் மாத்தி நாலு கடைக்கு விக்காதேங்கோ. செட்டியார் தெருவில ஒரு கடைக்காரருக்கு மற்றக் கடையில என்ன போகுதெண்டு நல்லாத் தெரியும்.

நேரா நிண்டுதான் ஆகவேணுமெண்டால் 20 நிமிசம் கதைச்சு 10 நிமிசம் பாட்டுப் போடுங்கோ. வெறும் தண்ணி குடியுங்கோ, ஐஸ் வேண்டாம். குரல் கம்மினால் குசுகுசுவெண்டு கதைச்சுச் சமாளிக்கிறது பிழை, அது இன்னும் இழுக்கும். பேசாமல் இருக்கிறதுதான் மருந்து. மூண்டு கிழமைக்கு மேல கரகரப்பு நிண்டால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போகவேணும், அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமல் பாக்கலாம்.

கொட்டாஞ்சேனை வாசி:

ஓட்டோ, டெலிவரி பற்றியும் கேட்கிறார்கள். மேடைவாசல் அண்ணை, உங்கள் கருத்து?

மேடைவாசல்:

டெலிவரிக்கு 11.30 முதல் 2 வரைக்கும் தான் ஓட்டம். அதுக்குப் பிறகு காத்திருப்பு. பின்னேரம் பதிவு இருக்கிற நாளில ஹெல்மட் கண்ணாடியை இறக்கி, மாஸ்க் போட்டு ஓடுங்கோ. வந்து 20 நிமிசம் பேசாமல் இருந்திட்டு மைக்குக்குப் போங்கோ.

ஓட்டோவைப் பொறுத்தவரை லீசிங்கில வாங்காதேங்கோ எண்டுதான் சொல்லுவன். மாதக் கட்டணம் ஒரு திகதியில நிக்கும், உங்கட காசு எந்தத் திகதியிலயும் வராது. இரண்டு மூண்டு தவணை விட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போயிடுவினம். நாள் வாடகைக்கு எடுத்தால் வேலையில்லாத நாளில மட்டும் ஓடலாம், நிகழ்ச்சி வந்தால் விடலாம்.

பஞ்சிகாவத்தை:

நாள் வாடகைன்னா சொந்தக்காரர் எப்ப வேணும்னாலும் திருப்பிக் கேப்பார் அண்ணா. லீசிங்ல ஓடினா அஞ்சு வருசத்தில வண்டி சொந்தமாகும். வீட்டில இன்னொருத்தருக்கு மாசச் சம்பளம் இருந்தா அது பரவாயில்லைன்னு நினைக்கிறேன்.

மேடைவாசல்:

அப்பிடி இருந்தால் சரி. வீட்டில ஒரு நிரந்தரச் சம்பளம், அதில தவணை கட்டக்கூடிய அளவு இருக்கவேணும். பகிடிக் காசை நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாமெண்டதுதான் என்ர கருத்து.

ஹட்டன் பிள்ளை:

எல்லாரும் பக்க வேலையைப் பத்தி எழுதுறீங்க. அந்த மூனு நிமிசம் நல்லா இல்லைன்னா பக்க வேலையும் வராதுங்க. குரலுக்கும் மேடைக்கும் கூப்பிடுறதே ரேடியோவில கேட்டுத்தான்.

மூனு நிமிசத்துக்கு ஒரு சூழ்நிலை, ரெண்டு குரல், 320 சொல் சுமார். நாலு பாத்திரம் வச்சா கேக்கிறவருக்கு யார் பேசுறாங்கன்னே தெரியாது. சிரிக்கிற சனம் முன்னால இல்லை. அதனால எதிராள் வேணும்: அறிவிப்பாளரோ இன்னொரு பாத்திரமோ, அடியை, அதாவது சிரிக்கவைக்கிற வரியை, வாங்குற ஆள். அடி விழுந்த பிறகு அரைச் செக்கன் வெறுமையா விடுங்க. எடிட் பண்றவங்க வெறுமையைக் கண்டா வெட்டுவாங்க, வெட்டாதீங்கன்னு பிரதியிலேயே எழுதிக் குடுங்க.

நம்ம மொழியில வினை கடைசியில வரும். சிரிக்கவைக்கிற சொல்லு நடுவில மாட்டிக்கிட்டு, வினைச்சொல் வந்து அதை அமுக்கிரும். "மாமாவுக்கு மாமி மீட்டர் பூட்டி வச்சிருக்கிறாங்க" ன்னா பாதிதான் சிரிப்பு. "மாமா ஓட்டோவுக்கு மீட்டர் பூட்டினார். மாமாவுக்கு மீட்டர் பூட்டினது மாமி." இப்படி, திருப்பம் இருக்கிற சொல்லைக் கடைசிக்குத் தள்ளுங்க. பிரதி முடிஞ்ச பிறகு ஒவ்வொரு அடியிலயும் கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டுப் பாருங்க. அது வெறும் "இருக்கு", "சொன்னார்" ன்னு இருந்தா மாத்தி எழுதணும்.

அடுத்தது ஊர்ப் பேச்சு. இதில எனக்குக் கடுமையான கருத்து இருக்கு. மலையகப் பேச்சுன்னா உடனே ஒரு வேலைக்காரப் பாத்திரம், முஸ்லிம் பேச்சுன்னா உடனே ஒரு வியாபாரி. எழுதுறவங்க கொழும்பில ஏசி அறையில இருந்துட்டுத் தோட்டத்துச் சனத்தைச் சிரிப்புக்கு விக்கிறது நிறுத்தணும். அந்தப் பேச்சில ஒரு டொக்டரை, ஒரு வங்கி முகாமையாளரைப் பேச வைங்க.

மாலினி, கொழும்பு 6:

பேச்சு வழக்கை எடுத்துவிட்டால் இலங்கை வானொலிப் பகிடியில் என்ன மிஞ்சும்? 1970களில் எஸ். ராம்தாஸ் எழுதிய கோமாளிகளின் கும்மாளம் தொடரில் மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்று நாலு விதமான பேச்சு. 1976இல் அது கோமாளிகள் என்ற படமாகவும் வந்தது. அதை நாடே ஒன்றாக இருந்து கேட்டது.

ஹட்டன் பிள்ளை:

எடுக்கச் சொல்லலைங்க அக்கா. நீங்க சொன்ன தொடர்ல நாலு பேருமே கோமாளி, நாலு பேருமே சமம். ஒருத்தர் பேச்சு சரி, மத்தவங்க பேச்சு கேலின்னு இல்லை. அதைத்தான் கேக்கிறேன். செய்முறையா சொன்னா: அந்த ஊர் ஆள் ஒருத்தரை வச்சுப் பிரதியை வாசிச்சுக் காட்டுங்க. யாழ்ப்பாணப் பேச்சுன்னு எல்லாச் சொல்லுக்கும் "யள்" ஒட்டுறது, மட்டக்களப்புன்னு வரிக்கு வரி "மறுகா" போடுறது, இதெல்லாம் அந்த ஊர்க்காரர் ஒரே நிமிசத்தில பிடிச்சிருவார். பேச்சு சொல்லில மட்டும் இல்லை, இழுவையில இருக்கு. அதைக் கேட்டுத்தான் பழகணும்.

மாலினி, கொழும்பு 6:

அப்படியென்றால் உடன்பாடுதான்.

கணக்குப்பிள்ளை:

சமயம் சம்பந்தமாக ஒன்று சேர்க்கிறேன். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், ஐசிசிபிஆர் என்று எல்லோரும் சொல்வது, அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவில் பிடித்தால் சாதாரண நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடைக்காது. 2023 மே மாதம் ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர் மதம் பற்றிய கூற்றுக்காகக் கைதாகி, மேல் நீதிமன்றம் பிணை தரும் வரை ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். மேடையில் பேசியதை யாரோ போனில் பிடித்து 20 செக்கன் மட்டும் வெட்டிப் போடுவார்கள் என்பதை நினைத்தே எழுதுங்கள். முழு நிகழ்ச்சியையும் நீங்களே பதிந்து வைத்திருப்பது கட்டாயம்.

போனில் ஆட்களைக் கலாய்க்கும் பகுதி செய்கிறவர்கள், அழைப்பு முடிந்த உடனே இன்னாரென்று சொல்லி, ஒலிபரப்பச் சம்மதம் கேட்டு, அந்தச் சம்மதத்தையும் பதிவில் வைத்திருங்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர், வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர் என்று தெரிந்தால் விபத்து, கைது போன்ற பொய்யைச் சொல்லவே கூடாது. நெஞ்சுவலி வந்தால் அதற்கு நிலையம் பொறுப்பேற்காது. அழைத்தவர் பெயர்தான் வெளியே வரும்.

இனிக் காசு. நிலையம் தருவது சம்பளமா கட்டணமா என்று முதலில் பாருங்கள். சம்பளமென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், அவர்கள் 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம். கட்டணமென்றால் இது ஒன்றும் இல்லை. சேமலாப நிதிக்குப் போகும் அந்த 20 வீதத்துக்குச் சமமானதை நீங்களே ஒதுக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து மாதத்தில் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் வந்தால் 5 வீதம் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். அதற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் வருமான வரிக்கு வருட விலக்கு 18 இலட்சம். அதற்குக் கீழே இருந்தால் பிடித்த காசை மீளக் கேட்கலாம், சான்றிதழ் இல்லாமல் கேட்க முடியாது. டின் இலக்கம் (வரி செலுத்துநர் இலக்கம்) எடுத்து வையுங்கள், அது இல்லாமல் பெரிய விளம்பர நிறுவனங்கள் பில்லையே எடுக்காது.

ரொக்கமாக 25,000க்கு மேல் வாங்கினால் பற்றுச்சீட்டில் 25 ரூபா முத்திரை ஒட்டிக் கையெழுத்து வையுங்கள். கல்யாண வேலைக்குப் பாதி முற்பணம், மிச்சம் சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்குப் பிறகு காசு வைத்திருக்கிற மாமாவைத் தேடிப் பிடிக்க முடியாது.

யூடியூப் வைத்திருப்பவர்களுக்கு: நிலையத்தில் ஒலிபரப்பான பகுதியை அப்படியே ஏற்ற வேண்டாம். பின்னணியில் படப் பாட்டு இருந்தால் உரிமைக் கோரல் வரும். நிலையத்தின் அனுமதி உங்கள் சனலைக் காப்பாற்றாது. பாட்டில்லாத குரல் பதிவை ஒலிப்பதிவு நாளிலேயே தனியாக வாங்கி வையுங்கள். பிரதி யாருக்குச் சொந்தம் என்பதையும் முதலிலேயே எழுத்தில் முடியுங்கள். நிரந்தர ஊழியரின் பிரதி பொதுவாக நிறுவனத்துக்குப் போகும்.

பஞ்சிகாவத்தை:

மரண அறிவித்தல் வாசிக்கக் கூப்பிடுறாங்க. பகிடி செய்யிற ஆள் அதைச் செய்யலாமா?

ஒலிக்கூடத்தான்:

செய்யலாம், கவனமாக. பகிடியில் பாவிக்கிற சாதாரணக் குரல் அதில் வரக் கூடாது. கேட்கிறவர் அடையாளம் கண்டால் அந்தக் குடும்பத்துக்கு அது கொடுமை. குரலைத் தாழ்த்தி, வேகத்தைப் பாதியாக்குங்கள். பெயருக்குப் பிறகு ஒரு மூச்சு, ஊருக்குப் பிறகு ஒரு மூச்சு. உறவுப் பட்டியல்தான் சிக்கல்: "அன்னாரின் அன்பு மனைவியும்", "காலஞ்சென்ற இன்னாரின் மகளும்" என்று நீண்டுகொண்டே போகும். காலஞ்சென்றவர் யார், உயிரோடு இருப்பவர் யார் என்று இரண்டு நிறத்தில் கோடு போட்டுவிட்டு வாசியுங்கள். "காலஞ்சென்றவர்களான" என்பது எத்தனை பெயர் வரைக்கும் போகிறது என்று சந்தேகமிருந்தால் கொடுத்தவருக்குப் போன் எடுத்துக் கேளுங்கள், ஊகிக்க வேண்டாம். கிரியை நடக்கும் நேரம், இடம், தகனம் எங்கே என்பதை இரண்டு முறை. காலையில் பகிடி நேரலை இருந்த நாளில் வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

பஞ்சிகாவத்தை:

நன்றி அண்ணா. கடைசியா ஒண்ணு. மூனு மாசமா செக் வரலைன்னா யாரிட்டக் கேக்கிறது? தயாரிப்பாளர் "கணக்குப் பிரிவுக்கு அனுப்பிட்டேன்" ங்கிறார்.

கணக்குப்பிள்ளை:

தயாரிப்பாளரோடு சண்டை வேண்டாம், அவர் கையில் காசு இல்லை. அவரிடம் ஒன்று மட்டும் வாங்குங்கள்: எந்தத் திகதியில் வவுச்சரில் (கொடுப்பனவுப் படிவத்தில்) கையெழுத்து வைத்தார், வவுச்சர் இலக்கம் என்ன. அதோடு ஒலிபரப்பான திகதிப் பட்டியல், நீங்கள் கொடுத்த பில்லின் பிரதி. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்கு நேரே போங்கள். மாத முடிவிலும் 10ஆம் திகதிக்கு முன்னும் போனால் சம்பள வேலையில் இருப்பார்கள், பார்க்க மாட்டார்கள். 12க்கும் 18க்கும் நடுவில், காலை 10.30 அளவில் போங்கள். பெரும்பாலும் வவுச்சர் எங்கேயோ ஒரு கையெழுத்துக்காக நின்றிருக்கும், யாருடைய மேசையில் என்று கேளுங்கள். வந்து அன்றைக்கே ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள், இன்னாரைச் சந்தித்தேன், இன்ன திகதிக்குள் என்று சொன்னார் என்று. அடுத்த மாதம் வேறு ஆள் அந்த மேசையில் இருந்தாலும் அந்த மின்னஞ்சலைக் காட்டலாம்.